பிகாசாவிலிருந்து டிஜிகேமுக்கு: அம்மா சொன்ன 412 பெயர்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு லேப்டாப்பில் 23,640 படங்கள் இருக்கின்றன. அதில் ஏழாயிரத்துச் சொச்சம் என் குடும்பப் படங்களே அல்ல. ரப்பர் தோட்டத்தில் லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, உடைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது வீடு வீடாகப் போய், பிஸ்கட் டின்னிலும் சாமி மேடைக்குப் பின்னாலும் கிடந்த படங்களை இரவல் வாங்கினேன். ராத்திரி ஸ்கேன் செய்து மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். பூஞ்சணம் பிடித்தது, கரையான் அரித்தது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது எல்லாம் அதில் உண்டு.

அந்தப் படங்களில் யார் யார் நிற்கிறார்கள் என்று சொன்னவர் அம்மா. முப்பத்தொரு வருஷம் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து நின்ற ஒரு முகத்தையும் அவர் மறக்கவில்லை. 2010 முதல் 2014 வரை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். "இது மூனாம் லயத்துக் கடைசி வீட்டு அத்தை. இடுப்புல இருக்கிறது அவங்க பிள்ளை இல்ல, தங்கச்சி பிள்ளை. அது பொறந்த மறுவாரமே தங்கச்சி போயிருச்சு" என்பார். படங்களை அடுக்கிவைக்கும் பிகாசா என்ற மென்பொருளில் நான் அந்த முகத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் அடியில் பெயரைத் தட்டுவேன். இப்படியே 412 பேர். அம்மா 2017-ல் காலமானார். இனி ஒரு முகத்தைக் காட்டி "இது யாரும்மா" என்று கேட்க ஆளில்லை.

அதனால் பிகாசாவை விட்டு நான் மாறிய டிஜிகேம் என்ற மென்பொருளைப் பற்றி எழுத உட்காரும்போது எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: அந்தப் பெயர்கள் அந்தந்த முகத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தனவா? அழகு, வேகம் எல்லாம் அப்புறம்.

பிகாசாவை கூகுள் 2016 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. நிறுத்தினாலும் ஏற்கெனவே கணினியில் இருப்பது ஓடும் என்பதால் நானும் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். பழைய விண்டோஸ் 7 லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போன வருஷம் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

முதலில் தப்பாகத்தான் மாற்றினேன். காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில், அதன் பெயர் இங்கே வேண்டாம், பிகாசா ஃபோல்டரைக் காட்டி "இறக்குமதி" என்று அழுத்தினேன். படங்கள் எல்லாம் வந்தன. ஆனால் அது என் ஃபோல்டர்களைக் கலைத்து, தேதிவாரியாகப் புதிதாக அடுக்கிவிட்டது. தேதி திருத்தாத ஸ்கேன் படங்களுக்கு ஸ்கேன் செய்த நாள்தானே தேதி? 1958-ல் எடுத்த தீமிதியும் 1983-ல் எடுத்த கல்யாணமும் 2012 என்ற ஒரே ஃபோல்டரில் போய் விழுந்தன. முகத்தின் மேல் இருந்த பெயர் ஒன்றுகூட வரவில்லை. நான் செய்தது பிரதியின் மேல் என்பதால் மூலம் தப்பித்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஈப்போவில் படிக்கும் அண்ணன் மகன் அந்த வாரம் வீட்டுக்கு வந்தான். "அத்தை, பேரெல்லாம் படத்துக்குள்ள இருக்கா, வெளிய இருக்கான்னு முதல்ல பாருங்க" என்றான். எனக்கு இதில் கிடைத்த ஆகச் சிறந்த புத்திமதி அதுதான். பார்த்தோம்.

பிகாசா ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கோப்பை வைத்திருக்கிறது. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால் தெரியும்; பெயர் புள்ளியில் தொடங்கி "பிகாசா ஐஎன்ஐ" என்று இருக்கும். நோட்பேடில் திறந்தால் வெறும் எழுத்துதான். படத்தின் பெயர் அடைப்புக்குறிக்குள், அதன் கீழே "ஃபேசஸ்" என்று ஒரு வரி. அதில் "ரெக்ட்64" என்று தொடங்கி, எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த பதினாறு குறிகள். நாலு நாலாகப் பிரித்தால் முகம் இடமிருந்து எங்கே தொடங்குகிறது, மேலிருந்து எங்கே, எங்கே முடிகிறது என்ற கணக்கு. அதன் பக்கத்தில் இன்னொரு கோவை. அது ஆளின் அடையாள எண். அந்த எண் யாருடையது என்பது அதே கோப்பில் வேறொரு பகுதியிலும், பிகாசாவின் தொடர்புப் பட்டியலிலும் இருக்கிறது.

ஆக, நான் தட்டிய பெயர்கள் படத்துக்குள் இல்லவே இல்லை. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தன. படத்தை மட்டும் எடுத்துப் போனால் சீட்டு இங்கேயே கிடக்கும். மூனாம் லயத்து அத்தையின் பெயர் பதினாறு எழுத்துக் கோவையாக நோட்பேடில் இருந்ததைப் பார்த்தபோது என் கை சில்லிட்டுப் போனது. எத்தனை பேர் வீட்டில் இப்படிப் பெயர்கள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடையில் கொடுத்து "படத்தை மட்டும் புது கம்ப்யூட்டருக்கு மாத்திக் கொடுங்க" என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் சாதாரணம்.

பிகாசா 3.9-ல் இதற்கு வழி இருக்கிறது. விருப்பங்களில் பெயர்க் குறிகள் பகுதிக்குப் போய், பெயரைப் படத்துக்குள்ளேயே சேமிக்கும்படி டிக் செய்யலாம். அது இனிமேல் தட்டுவதற்கு. ஏற்கெனவே தட்டியதற்கு, கருவிகள் மெனுவில் சோதனை முயற்சிகள் என்ற பகுதியில், முகங்களை எக்ஸ்எம்பியில் எழுது என்று ஒரு கட்டளை ஒளிந்திருக்கிறது. எக்ஸ்எம்பி என்பது படக் கோப்புக்குள்ளேயே விவரம் எழுதி வைக்கும் பொது முறை. எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பி அது இல்லை; பல மென்பொருள்கள் அதைப் படிக்கும். தமிழில் தட்டிய பெயரும் அதில் யூனிகோடாகவே நிற்கும்.

ஆனால் அந்தக் கட்டளையை அழுத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விவரம் எழுதினால் கோப்பே மாறிவிடும். அதனால் முதலில் எதையும் தொடாமல், மறைந்த கோப்புகளோடு முழு ஃபோல்டரையும் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்தேன். பிரதி சரியா என்று ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருளில், அளவையும் தேதியையும் மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தையே ஒப்பிடும் முறையில் ஓட்டினேன். ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. இந்த ஒப்பீட்டை எழுதுவதற்கு முன்னால் செய்தால்தான் அர்த்தம். எழுதிய பிறகு செய்தால் எல்லாமே வேறு வேறு என்றுதான் காட்டும். ஒரு டிஸ்க் இப்போது அண்ணன் வீட்டில் ஈப்போவில் இருக்கிறது. இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து ஐந்நூறு வெள்ளிக்குள்தான் (ரிங்கிட்) ஆனது. பூஞ்சணம் பிடித்த படங்களைக் கையில் வாங்கிப் பார்த்தவளுக்கு அது ஒரு செலவாகவே தெரியவில்லை.

பெயர் தவிர வேறு சிலவும் பிகாசாவில் வெளியேதான் நிற்கும். படத்தை வெட்டியது, சிவப்புக் கண்ணைத் திருத்தியது, நேராகத் திருப்பியது எல்லாம் சேமி என்று அழுத்தாத வரை வெறும் குறிப்புத்தான். அழுத்தாமல் போனால் புது இடத்தில் படுத்த படம் படுத்தபடியே தெரியும். நான் ஃபோல்டர் ஃபோல்டராகச் சேமித்தேன். பழைய மூலம் மறைந்த ஃபோல்டர் ஒன்றில் பத்திரமாக இருக்கும். அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். பிகாசா ஆல்பங்களும் மஞ்சள் நட்சத்திரமும் தாண்டி வராது. ஆல்பத்தில் உள்ள எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து ஆல்பத்தின் பெயரையே குறிச்சொல்லாகப் போட்டுவிட்டேன். நட்சத்திரத்துக்கும் அப்படியே. குறிச்சொல் படத்துக்குள் ஏறிக்கொள்ளும். படத்தின் அடியில் தட்டிய குறிப்புகள் ஜேபெக் படங்களில் முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தன. அதற்குக் கவலை இல்லை.

சரி, டிஜிகேமுக்கு வருவோம். கேடிஇ என்ற தன்னார்வலர் சமூகத்தாரின் கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது, மாதச் சந்தா கிடையாது, கணக்குத் திறக்கச் சொல்லாது. படங்களை எங்கேயும் அனுப்பாது. முகம் கண்டுபிடிக்கும் வேலைகூட நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. முதல் தடவை அதற்கான கோப்புகளை இறக்கிக்கொள்ளக் கேட்கும், அவ்வளவுதான். ஊரார் வீட்டுப் படங்கள் என் கையில் இருக்கின்றன. அவர்களைக் கேட்காமல் யாருடைய சர்வரிலும் ஏற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதைத் தேர்ந்தெடுத்திருப்பேன்.

எனக்கு அடுத்துப் பிடித்தது, ஃபோல்டர்களைத் தொடாமல் விடுவது. நாம் "கோயில்", "பள்ளி", "இரண்டாம் லயம்" என்று எப்படி அடுக்கியிருந்தோமோ அப்படியே ஆல்பமாகக் காட்டுகிறது. அதன் கணக்குப் புத்தகம் தனியாக ஒரு தரவுக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை நெட்வொர்க் டிஸ்க்கில் வைக்காமல் லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உடனே 23,640-ஐயும் கொடுக்கவில்லை. 60 படம் உள்ள ஒரு சோதனை ஃபோல்டரை மட்டும் காட்டினேன். முகக் கட்டம், பெயர், தமிழ்க் குறிப்பு, குறிச்சொல் எல்லாம் வந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் பாட்டி முகத்தைச் சுற்றி அதே கட்டம், அடியில் அதே பெயர். நான் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் அமைப்புகளுக்குள் போய் மெட்டாடேட்டா, அதாவது படத்தோடு சேரும் விவரங்களின், பகுதியைச் சரிபார்த்தேன். இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. குறிச்சொல், குறிப்பு, முகக் குறி, மதிப்பெண், தேதி என்று எதையெல்லாம் படத்துக்குள் எழுத வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிக் இருக்கிறது. முகக் குறிக்கு டிக் இல்லை என்றால் நீங்கள் தட்டும் பெயர் டிஜிகேமின் கணக்குப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். பத்து வருஷம் கழித்து இன்னொரு மென்பொருளுக்கு மாறும்போது இதே பாடு திரும்பவும் படவேண்டும். பக்கத்திலேயே இன்னொரு வசதி: படத்தைத் தொடாமல் ஒரு எக்ஸ்எம்பி துணைக்கோப்பில் எழுதச் சொல்லலாம், இரண்டிலும் எழுதச் சொல்லலாம். நான் இரண்டிலும் எழுதச் சொன்னேன். கோப்புகளின் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். பரவாயில்லை.

எழுதும் வேலையை ராத்திரியில் விடுங்கள், பேட்டரியும் முழுதாக இருக்கட்டும். இங்கே மத்தியான மழைக்கு இடி இடித்தால் மின்சாரம் போகும். பாதி எழுதிய கோப்போடு கணினி அணைந்து போவதை நான் விரும்பவில்லை.

குறைகளையும் சொல்கிறேன். திறந்தவுடன் மலைப்பாக இருக்கும். இடது ஓரத்தில் ஒரு வரிசைத் தாவல், வலது ஓரத்தில் இன்னொரு வரிசை, மேலே மெனு. பிகாசாவைப் போல அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழகக்கூடிய எளிமை இதில் இல்லை. கைப்பேசிக்குச் செயலி கிடையாது. போனில் எடுத்ததைக் கேபிள் போட்டு இறக்கிக்கொள்ள வேண்டும். போனில் படம் பார்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்பவர்களுக்கு இது தேவையே இல்லை. முதல் தடவை எல்லாப் படத்தையும் படித்து முடிக்க நேரம் எடுக்கும். நடுவில் அவசரப்பட்டு மூடாமல் பொறுமையாக இருக்க வேண்டும்.

முகம் கண்டுபிடித்துப் பெயர் பரிந்துரைக்கும் வசதியை நான் அளவோடுதான் பயன்படுத்துகிறேன். அக்காள் தங்கையைக் குழப்புகிறது, அம்மா மகளைக் குழப்புகிறது. அம்மாவுக்குப் பதினேழு வயதில் எடுத்த படத்துக்கு என் மகளின் பெயரைப் பரிந்துரைத்தது. என் மகளுக்குக் காட்டினேன். படத்தையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். நல்ல வேளையாக, நாம் உறுதி செய்யாத வரை பரிந்துரை பெயராகாது. அம்மா பெயர் சொல்லாமல் விட்ட முகங்களை நான் பெயரில்லாமலேயே விட்டிருக்கிறேன். இயந்திரம் ஊகித்ததை அம்மா சொன்னதோடு கலக்க எனக்கு இஷ்டமில்லை.

பிகாசாவில் இல்லாத ஒன்று இதில் கிடைத்தது. குறிச்சொற்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கலாம், ஆட்களின் பெயர்களையும் சேர்த்து. பிகாசாவில் 412 பேரும் அகரவரிசையில் நின்றார்கள். இப்போது ஒன்றாம் லயம், அதற்குள் வீடுகள், வீட்டுக்குள் ஆட்கள். கங்காணி வீடு தனி. பால் ஸ்டோர் மாமா, கோணக்கொண்டை அத்தை, சாமியாடி தாத்தா எல்லாரையும் அவரவர் வீட்டில் இழுத்து விட்டேன். நாலு ராத்திரி பிடித்தது. எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்று அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே செய்தேன். "நம்ம வீட்டுக்கும் தண்ணிக் குழாய்க்கும் நடுவுல ஒரு வீடு இருந்துச்சே, அதை விட்டுட்டியே" என்றார். ஆமாம், விட்டுவிட்டேன். லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நிற்கிறது. திரையின் இடது பக்கத்தில் அந்த வரிசை மட்டும் வீடு வீடாக விரிகிறது.

கடைசிச் சோதனை எண்ணிக்கை. மாற்றுவதற்கு முன்பே பிகாசாவின் ஆட்கள் பட்டியலை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பெயரும், ஒவ்வொருவருக்கும் எத்தனை படம் என்ற எண்ணுமாக எழுதி வைத்திருந்தேன். டிஜிகேமில் ஒவ்வொரு பெயராகப் பார்த்துப் பென்சிலால் டிக் போட்டேன். 409-ல் நின்றுவிட்டது. மூன்று பேரைக் காணோம்.

திரும்ப எண்ணினேன். 409. மூன்று பெயரையும் பழைய பிகாசாவில் தேடிப் பார்த்தபோது, மூவரும் ஒரே ஃபோல்டரில் இருந்தார்கள். வேறு எந்தப் படத்திலும் அவர்கள் இல்லை. மாமா ஒருவர் வெகுகாலத்துக்கு முன்பு சிடியில் பதித்துக் கொடுத்த படங்கள் அவை. சிடியிலிருந்து எடுத்த கோப்புகளுக்கு "படிக்க மட்டும்" என்ற பூட்டு விழுந்திருந்தது. பூட்டு இருந்ததால் பெயர் படத்துக்குள் ஏறவே இல்லை. பண்புகளில் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு, பிகாசாவில் எழுதும் கட்டளையைத் திரும்ப ஓட்டி, கோப்பைப் பிரதி எடுத்து, டிஜிகேமில் மெட்டாடேட்டாவை மறுபடி படி என்று கொடுத்தேன். உங்கள் சேகரிப்பில் பழைய சிடி படங்கள் இருந்தால் முதலிலேயே முழு ஃபோல்டருக்கும் இந்தப் பூட்டை எடுத்துவிடுங்கள். எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரியவே தெரியாது.

அந்த மூவரும் நிற்பது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துப் படம் ஒன்றில். 1960-ல் நம் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன், துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களின் காசைக் கொண்டே வாங்குவதற்காகத் தொடங்கிய சங்கம். வெள்ளைச் சட்டையில் மூன்று ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஆளுக்கொரு பங்குப் பத்திரத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. மூன்று முகத்தைச் சுற்றியும் கட்டம் வந்துவிட்டது. நடுவில் நிற்பவர் பெயர் கறுப்புக் கண்ணாடி மாமா. திரையின் வலது பக்கத்தில், 2013-ல் அம்மா சொல்லச் சொல்ல நான் தட்டிய குறிப்பு ஒரு எழுத்து உடையாமல் இருந்தது: "பங்குக் காசு கட்ட அத்தை தோட்டைக் கழட்டிக் குடுத்தாங்க. கடைசி வரைக்கும் வெறுங்காதுதான்."